‘மற்றவை’ என்ற கட்டத்தைத் தாண்டி: பினாங்கில் பிற வழிபாடுகளை அறியத் தொடங்குவோருக்கு

நம் நாட்டுப் படிவங்களில் மதத்தைக் கேட்கும் இடத்தில் இஸ்லாம், பௌத்தம், கிறிஸ்துவம், இந்து என்று கட்டங்கள் வரிசையாக வந்து, கடைசியில் ‘லாயின்-லாயின்’, அதாவது ‘மற்றவை’, என்று ஒரு கட்டம் இருக்கும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வாழ்வோரில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 18.7 விழுக்காட்டினர் பௌத்தர்கள், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்துவர்கள், 6.1 விழுக்காட்டினர் இந்துக்கள். சீக்கியர், தாவோ வழியினர், மதமற்றவர் என எஞ்சிய அனைவரும் சேர்ந்தாலும் மூன்று விழுக்காட்டை எட்டுவதில்லை. செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முனியாண்டிக்குப் படையல் போட்டு வந்தவர் என் தாத்தா. இங்கிலாந்தில் படித்த இரண்டு ஆண்டுகளில் நவீன பேகன் வழிபாட்டினரோடு பழகி, அந்த வழியில் சிலவற்றை நானும் எடுத்துக்கொண்டேன். இன்றும் படிவத்தில் இந்து என்றே எழுதுகிறேன், அது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை.

தம் மதத்தை விட்டுவிடாமலே பிற மதங்களை நேரில் கண்டு அறிய வேண்டும் என்று விரும்பும் இளையோர் சிலர், எங்கே தொடங்குவது, எப்படி நடந்துகொள்வது என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்லி வந்ததையே இங்கே முறைப்படுத்தி எழுதுகிறேன். பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு இது உடனே பயன்படும், கோலாலம்பூரில் இருப்பவர்கள் இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

பேகன் என்பது லத்தீன் மொழியில் ‘நாட்டுப்புறத்தான்’ என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. நகரத்தில் கிறிஸ்துவம் பரவிய பிறகு பழைய தெய்வங்களை விடாதவர்களை இகழ அச்சொல் பயன்பட்டது. நமக்கும் இது புதிய கதையன்று. தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் அமைத்த சீகன்பால்கு 1713இல் வெளியிட்ட சிறு நூலின் பெயரே ‘அக்கியானம்’ என்பதாகும். நம் முன்னோரின் கோயில் வழிபாடு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைக்கப்பட்டது. அதற்காக நாம் மட்டும் யாரையும் தள்ளி வைக்காதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அகச்சமயம், அகப்புறச்சமயம், புறச்சமயம், புறப்புறச்சமயம் என்று வீட்டு முற்றத்திலிருந்து தெருக்கோடி வரை ஆட்களை நிறுத்தி வைப்பதுபோலச் சமயங்களை வகுத்தது நம் சைவ சித்தாந்தமே. ஆகவே ‘மாற்று மதம்’ என்று யாரையாவது குறிப்பிடும்முன், எதற்கு மாற்று, யார் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மாற்று என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். இத்தீவில் காலை ஐந்தரை மணிக்கு மூன்று திசையிலிருந்து மூன்று வகை ஒலி கேட்கும் ஒரு மாடி வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தக் கேள்வி இயல்பாகவே எழும்.

நவீன பேகன் வழி என்பது ஒரே மதம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டபின் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய விக்கா, ட்ரூயிட் குழுக்கள், வட ஐரோப்பியப் பழந்தெய்வங்களை வழிபடுவோர் என்று பல கிளைகள் அதில் உண்டு. ஐஸ்லாந்தில் 1972இல் தொடங்கிய ஆசாத்ரு அமைப்பு அடுத்த ஆண்டே அரசின் ஏற்பைப் பெற்றுவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன் என்று எழுதினார்கள். இவர்களுக்குப் பொதுவான மறைநூல் கிடையாது, பொதுவான தலைவரும் கிடையாது. நிலமும் பருவமும் தெய்வத்தன்மை உடையவை என்பதில் மட்டும் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஆவி, பேய், பில்லி என்று திரைப்படத்தில் பார்த்ததை வைத்துக்கொண்டு இவர்களை அணுகினால் மிக விரைவில் ஏமாற்றமடைவீர்கள், ஏனெனில் நான் கலந்துகொண்ட முதல் வழிபாட்டில் பெரும்பகுதி நேரம் ஈரமான விறகைப் பற்றவைப்பதிலேயே கழிந்தது.

இரண்டாவதாக, வீட்டுக்கு மிக அருகில் உள்ள மாடத்தைப் பாருங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பெயர்பெற்ற பெரிய ஆலயத்திலிருந்து தொடங்குவது. அங்கே சுற்றுலாப் பயணியாக இருக்கலாமே தவிர, எதையும் கற்க முடியாது. உங்கள் அடுக்ககத்தின் பின்புறம், வாகன நிறுத்துமிடத்தின் மூலையில், ஒரு பெரிய மரத்தடியில் சிவப்பு வண்ணம் பூசிய சிறிய மாடம் ஒன்று இருக்கும். அதுவே டத்தோ கோங். சீனர்கள் வழிபடும் நிலக்காவல் தெய்வம் அது, ஆனால் உருவத்தைக் கூர்ந்து பாருங்கள்: தலையில் சொங்கோக் தொப்பி, சில இடங்களில் கையில் கிரிஸ் என்னும் குத்துவாள், இடுப்பில் சாரோங். பெரும்பாலும் ஒரு மலாய்ப் பெரியவராகவே அவரைச் செய்து வைத்திருப்பார்கள். மண்ணுக்கு உரியவர் மலாய்க்காரர் என்பதால் அங்கே குடியேறியவர் அவரிடம் இசைவு கேட்டு வாழ்வதாக நம்பிக்கை.

ஆயர் ஈத்தாமில் நான் குடியேறிய புதிதில், எங்கள் கட்டடத்துக்குப் பின்னிருந்த மாடத்தின் திண்ணையில் காலைப் பசியாறலுக்கு வாங்கிய பொட்டலத்தை வைத்துவிட்டுச் செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பொட்டலத்தில் பன்றி இறைச்சி வைத்த பாவ் இருந்தது. ஊதுவத்தி ஏற்ற வந்த சீன முதியவர் அதைக் கண்டதும் பதறிப்போய், “தம்பி, எடு, எடு, டத்தோ இஸ்லாம்!” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விருந்தாளியின் முன்னால் வீட்டுப் பிள்ளை தவறு செய்துவிட்டதுபோன்ற பதற்றம் அது. நான் எடுத்துக்கொண்டதும் அவர் மாடத்தைத் தண்ணீரால் துடைத்து, மடித்த வெற்றிலையும் பாக்கும் சுருட்டிய புகையிலையும் வைத்து, மூன்று முறை வணங்கினார். அவர் புத்தர் படத்தையும் வீட்டில் வைத்திருப்பவர். பன்றி இறைச்சி உண்பவர். ஆனால் டத்தோவின் வாசலில் டத்தோவின் உணவு விதியே செல்லும்.

அன்று மாலை என் தாத்தாவின் முனியாண்டியை நினைத்துக்கொண்டேன். தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டி, மரத்தடியில், கூரையில்லாத மேடையில் நட்ட சூலம், அதன்முன் சுருட்டு, சாராயம், எலுமிச்சம்பழம். பெருங்கோயிலில் நுழைய முடியாத படையல்கள் முனியாண்டிக்கு முறையானவை. மறுபடியும் அதே செய்திதான்: எந்தத் தெய்வத்தின் முன் நிற்கிறோமோ அதன் விலக்கு நமக்கும் விலக்கு. எனவே எந்த மாடத்தின் முன்னும் நீங்கள் முதலில் கண்டறிய வேண்டியது அங்கே எது கூடாது என்பதையே. நம்பிக்கை என்ன, தத்துவம் என்ன என்பதெல்லாம் பின்னால் தானாகத் தெரியவரும். ஒரு வாரம் அந்த வழியே நடக்கும்போதெல்லாம் இரண்டு நிமிடம் நின்று, யார் வருகிறார், என்ன வைக்கிறார், எதைத் திரும்ப எடுத்துச் செல்கிறார் என்று மட்டும் பாருங்கள். படம் எடுக்காதீர்கள்.

மூன்றாவதாக, ஒரே தெருவில் ஒரு காலை

மாடத்தைப் பார்த்துப் பழகிய பிறகு ஜார்ஜ் டவுனுக்குச் செல்லுங்கள். முன்பு பிட் தெரு என்று வழங்கிய மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலையும் அதன் அண்டைத் தெருக்களும் ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய தொலைவுதான். வடக்கே 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து குவான் யின் கோயில், பின்புறத் தெருவில் 1833ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் மகாமாரியம்மன் கோயில், சூலியா தெருவைத் தாண்டினால் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அப்பள்ளிவாசலை எழுப்பிய காதர் மைதீன் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் சமூகத்தின் கப்பித்தான், அதாவது தலைவர். ஆகவே இத்தெருவில் நாம் விருந்தாளி மட்டும் அல்லர். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்கா இருக்கிறது. ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில், இங்கிருப்பது அவர் நினைவாகக் கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பிய இடம்.

நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழுகை நேரத்தில், குறிப்பாக வெள்ளிக்கிழமை நண்பகலில், பள்ளிவாசலைப் பார்க்கப் போகாதீர்கள். முழங்காலையும் தோளையும் மறைக்கும் உடை அணியுங்கள், வாசலில் மேலங்கி கொடுத்தால் மறுக்காமல் அணிந்துகொள்ளுங்கள். சீனக் கோயிலில் கோயிலைப் பார்த்து நிற்கும்போது வலப்புறமாக உள்ள வாசலால் நுழைந்து இடப்புற வாசலால் வெளியேறுவது மரபு. உயர்ந்த வாசற்படியைத் தாண்டிச் செல்ல வேண்டும், மிதிக்கக் கூடாது. நம் வீட்டுப் பாட்டி வாசற்படியில் நிற்காதே என்று அதட்டியது நினைவிருந்தால் இது எளிதில் வரும். தேவாலயத்தில் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னே செல்லும்போது நீங்கள் இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நேரம் இருந்தால் குர்துவாரா சாலையில் உள்ள சீக்கியக் கோயிலுக்கும் போங்கள். தலையைத் துணியால் மூடிக்கொண்டு, கொடுக்கும் கடா பிரசாதம் என்னும் இனிப்பை இரு கைகளையும் குவித்து வாங்க வேண்டும். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் தரையில் அமர்ந்து உண்ணும்போது கேட்ட அளவுக்கு மட்டும் வாங்குங்கள், இலையில் மீதம் வைப்பது நம்மூர்ப் பந்தியில் எவ்வளவு பிழையோ அவ்வளவு பிழை அங்கும்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில், அதாவது ஆகஸ்டு அல்லது செப்டம்பரில், சாலையோரமாக மெழுகுவத்தியும் சோறும் பழமும் வைத்திருப்பதைக் காண்பீர்கள். அவை பசித்த ஆவிகளுக்கு உரியவை, காலால் தட்டிவிடாமல் சுற்றிப் போங்கள். அம்மாதத்தில் திறந்தவெளியில் நடக்கும் பாட்டு மேடைகளின் முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருந்தால் அங்கே போய் உட்கார்ந்துவிடாதீர்கள், அவை ஆவிகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இரண்டாவது வரிசையிலிருந்தும் நன்றாகவே தெரியும்.

நான்காவதாக, கேள்வியைக் குறைத்துக் கேளுங்கள்

பல மதங்களையும் நேரில் கேட்டறிவது நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துக்குள் தவசி வடிவில் செல்லும் மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டவாதி, சாங்கியர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். சாத்தனார் பௌத்தர். காப்பியம் எங்கே போய் முடியும் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் பிறர் கொள்கையை அவரவர் வாயாலேயே சொல்லவைத்து முழுக் காதையொன்றை அதற்கு ஒதுக்கினார். எதிர்வாதம் பேசத் துடிக்கும் நண்பர்களுக்கு நான் அந்தக் காதையை வாசிக்கச் சொல்வதுண்டு.

“உங்கள் மதம் என்ன சொல்கிறது?” என்று கேட்காதீர்கள். அக்கேள்விக்குப் பெரும்பாலோர் பள்ளிப் பாடநூல் விடையையே சொல்வார்கள். “இதை ஏன் இந்தப் பக்கம் வைக்கிறீர்கள்?”, “உங்கள் அம்மாவும் இப்படித்தான் செய்வார்களா?”, “இதைச் செய்ய மறந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். மறந்துவிட்டால் என்ன என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில்தான் ஒரு மதத்தின் கருணை எவ்வளவு என்பது தெரியும். என் இங்கிலாந்து நண்பர் ஒருவர், முழுநிலவு வழிபாட்டை மறந்துவிட்டால் அடுத்த நாள் நிலவும் ஏறக்குறைய முழுமையாகத்தானே இருக்கிறது என்றார். டத்தோ மாடத்து முதியவரோ, டத்தோவுக்குக் கோபம் வரும், ஆனால் வெற்றிலையைக் கண்டால் தணிந்துவிடுவார் என்றார். தோட்டத்து முனியாண்டிக்கும் அதே குணம் என்பார் தாத்தா.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒப்புமை காணக் காண, “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லிவிடத் தோன்றும். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. நான் அதைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. டத்தோவும் முனியாண்டியும் மரத்தடியில் இருப்பவர்கள், சுருட்டை விரும்புகிறவர்கள் என்றாலும், ஒருவருக்குச் சாராயம் படையல், மற்றவருக்கு அது இழுக்கு. தைப்பூசத்தில் தண்ணீர்மலை நோக்கி ரதம் செல்லும் வழியில் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கும் சீன அன்பரும் நாமும் ஒரே முருகனை வணங்கினாலும், அவர் எதற்காக உடைக்கிறார் என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிய முடியும். பள்ளிவாசலில் நிற்பவரிடம் போய் எல்லாத் தெய்வமும் ஒன்றே என்று சொன்னால், நீங்கள் அன்போடு சொன்னதாக நினைப்பீர்கள், அவரோ தம் நம்பிக்கையின் அடிப்படையையே மறுத்ததாகக் கொள்வார்.

ஐந்தாவதாக, உங்களுக்கென ஒரு நாட்காட்டி

பேகன் வழியில் ஆர்வம் கொண்ட இளையோர் பலர் எட்டுத் திருநாள் கொண்ட ஆண்டுச் சக்கரத்தை அப்படியே இங்கே கொண்டுவரப் பார்க்கிறார்கள். நானும் செய்தேன். ஊர் திரும்பிய முதல் ஆண்டு டிசம்பர் 21 அன்று, ஆண்டின் மிக நீண்ட இரவைக் கொண்டாடுகிறேன் என்று மாடியில் விளக்கு ஏற்றி அமர்ந்தேன். வியர்வை வழிந்தது. கீழே யாரோ கோழி வாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவு முந்தைய மாதத்து இரவைவிட எவ்வகையிலும் நீண்டதாகத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பில்லை: லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேரம் வேறுபாடு உண்டு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்று மேலே கிடக்கும் பினாங்கில் அந்த வேறுபாடு 40 நிமிடம்கூட இல்லை. குளிர்காலமே இல்லாத ஊரில் குளிர்காலம் முடிவதைக் கொண்டாடுவது, பசிக்காதவன் நோன்பு திறப்பதுபோல. தென்னரைக்கோளத்தில் வாழும் ஆஸ்திரேலிய பேகன்கள் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்துக்கொண்டார்கள். நமக்கு அதுவும் உதவாது.

இந்த நிலத்துக்கு உரிய சூரிய நாள்கள் வேறு. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும், நண்பகலில், அதாவது நம் கடிகாரத்தில் சுமார் 1.20 மணிக்கு, பினாங்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாளில் ஒரு தண்ணீர்ப் புட்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். நிழல் மெல்ல மெல்லக் குறுகி, புட்டியின் அடிக்குள்ளேயே போய் மறைந்துவிடும். சில நிமிடங்களில் மறுபுறம் எட்டிப் பார்க்கத் தொடங்கும். நிழலில்லாத அந்தச் சில நிமிடங்களே என் ஆண்டின் முதல் திருநாள். லண்டனிலுள்ளவருக்கு எந்த நாளிலும் கிடைக்காத காட்சி இது. ஏப்ரலில் அதே வாரத்தில்தான் சீனர்கள் சிங் மிங் நாளில் முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்கிறார்கள், பத்து நாள் கழித்து நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வருகிறது.

ஆகவே ஒரு சாதாரணக் குறிப்பேட்டை எடுத்து, ஓர் ஆண்டுக்கு நீங்களே கண்டதை எழுதுங்கள். பாலேக் பூலாவில் டுரியான் விழத் தொடங்கிய வாரம், வாடைமழை தொடங்கிய மாலை, எதிர்வீட்டு மலாய்க் குடும்பம் நோன்பு மாதம் தொடங்கியதும் சமையலறை விளக்கை விடியுமுன் ஏற்றிய நாள், மார்கழியில் அம்மா கோலம் பெரிதாகப் போட்ட நாள், சீனர்களின் ஒன்பது பேரரசர் திருவிழாவுக்காக அண்டை வீட்டார் சைவ உணவுக்கு மாறிய நாள். இஸ்லாமிய நாட்காட்டி நிலவை மட்டும் பின்பற்றுவதால் நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். சீன நாட்காட்டி அவ்வப்போது ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளும். நம் மாதங்கள் சூரியனோடு நடக்கின்றன. ஒரே அடுக்ககத்தில் மூன்று விதமான காலம் ஓடுகிறது என்பதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை, எட்டாம் மாதக் குறிப்பைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

எல்லைகளைப் பற்றி

இது சிறிய பகுதி, ஆனால் கவனமாகப் படியுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் மதமாக வைக்கிறது, பிற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. எனவே முஸ்லிம் நண்பர்களை உங்கள் சடங்குகளில் பங்குபெற அழைக்காதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். விளைவு உங்களைவிட அவர்களையே கூடுதலாகப் பாதிக்கும். அவர்களோடு பேசலாம், நோன்பு திறக்க அழைத்தால் பேரீச்சம்பழத்தோடு போகலாம். அதுவே நிறைய.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள் என்பது என் கருத்து, என்றாலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லவும் வேண்டாம். பேகன் என்ற சொல்லைக் கேட்டதும் என் அம்மா, “யாருப்பா அது, இயேசு சாமியா?” என்று கேட்டார். மரத்தையும் நிலவையும் கும்பிடுகிறவர்கள் என்றேன். “அதத்தானே உன் தாத்தா தோட்டத்துல செஞ்சாரு, அதுக்கா இங்கிலாந்து போன?” என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் சரியான விடை இல்லை.

இறுதியாக, நீங்களும் வீட்டுக்காரராகுங்கள்

பிறர் வாசலுக்குப் போய்வந்த பிறகு, அவர்களும் உங்கள் வழிபாட்டைப் பார்க்க விரும்பலாம். அப்போது வருவோர்க்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுத உட்காரும்போதுதான் நம் வழிபாட்டில் எது விதி, எது வெறும் பழக்கம் என்று தெரியவரும். எனக்கு அரைப்பக்கம் எழுத ஒரு மாலை ஆயிற்று. முழுநிலவன்று மாடிக்கு வருவோர்க்கு நான் அனுப்புவது இவ்வளவுதான்: செருப்பை மாடிக்கதவின் உட்புறம் கழற்றுங்கள், வெளியே வைத்தால் மழையில் நனையும். எலுமிச்சம்பழம் ஒன்று கொண்டுவரலாம், கட்டாயமில்லை. இறைச்சி வேண்டாம், மது வேண்டாம், ஏனெனில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் யாரோ ஒரு டத்தோவை வைத்திருக்கிறார்கள், அவர் எங்களுக்கு முன்பே அங்கே இருப்பவர். கற்பூரம் கட்டட நிர்வாகத்துக்கு ஆகாது, அகல்விளக்கு மட்டும் ஏற்றுவோம். கும்பிட மனமில்லாதவர்கள் தொட்டியின் பக்கம் நிற்கலாம், அங்கிருந்து நிலவு இன்னும் நன்றாகத் தெரியும். மழை வந்தால் படிக்கட்டில் காத்திருப்போம், ஒன்பதரை மணிக்கு மேல் காத்திருப்பதில்லை.